ஹட்டன் குளிரில் நத்தார்: இஞ்சி பியர், இஞ்சி வைன், பால் வைன்

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மனைவியின் தாத்தா பாட்டி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா திரும்பியவர்கள். அங்கேயே தங்கிவிட்ட உறவினர் வீட்டில் இந்த வருடம் முதல்முறையாகக் கிறிஸ்மஸ் கொண்டாடப் போகிறார்கள். வெயில் காயும் தீவில் கிறிஸ்மஸ் எப்படி இருக்கும், அங்கே வீட்டிலேயே காய்ச்சும் மசாலாப் பானங்களை எப்படிச் செய்வது, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, ஊருக்குக் கொண்டுவர முடியுமா என்பது கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். தீவு என்றதும் கடற்கரையும் தென்னையும் நினைவுக்கு வருவது சரிதான், கடலோர நீர்கொழும்பில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், அப்படித்தான், பூசைக்குப் போகும் சட்டை வேர்வையில் நனைந்துவிடும். ஆனால் ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டர். டிசம்பர் ராத்திரிகளில் நுவரெலியாவில் பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸுக்கு இறங்கிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் வெள்ளையாய் உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தே கருகிப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழையும் மூடுபனியும் கூடுதலாக இருக்கும், ஹட்டன் பக்கம் அதைவிடக் கொஞ்சம் தெளிவு. கொழும்பிலிருந்து சில மணி நேரம் பஸ்ஸில் ஏறினால் போதும், அதே நாட்டில் வேறு ஒரு பருவத்துக்குள் வந்து இறங்கிவிடுவீர்கள்.

பானங்களைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு வானிலை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்முறைகளில் "இரண்டு நாள் வைக்கவும்" என்று எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் சமவெளியில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுச் சூட்டுக்கு எழுதியது. மலையில் அந்த நாள்கணக்கு பிடிக்காது. அப்படியே நம்பிச் செய்தால் இஞ்சி பியர் வெறும் இனிப்புத் தண்ணீராக இருக்கும், இல்லையென்றால் பிறகு எங்கேயாவது சூட்டில் வைத்தபோது போத்தல் வெடிக்கும். ஆகவே கலண்டரை விட்டுவிட்டு, குளிரையும் போத்தலையும் பார்த்துச் செய்யப் பழகுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இஞ்சி பியர். பெயரில் பியர் இருந்தாலும் இது சோடா மாதிரி நுரைக்கும் இஞ்சிப் பானம். எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் இலங்கையில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் வீட்டில் செய்வதன் காரம் வேறு. நான்கு லீட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ இஞ்சி, அரைக் கிலோ சீனி, நான்கு தேசிக்காய் (எலுமிச்சை), விரல் நீளத்துக்குக் கறுவா (பட்டை) ஒன்று, ஐந்தாறு கராம்பு, ஒரு கைப்பிடி முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை), கால் தேக்கரண்டி ஈஸ்ட். இஞ்சி வாங்கும்போது கவனியுங்கள்: சந்தையில் கொழுகொழுவென்று பெரிதாக இருக்கும் சீன இஞ்சி நறுக்கச் சுலபம், ஆனால் சாறு வெறும் தண்ணீராக இருக்கும். சின்னதாக, நாரும் முடிச்சுமாக, மண் ஒட்டிக்கொண்டு இருக்கும் நாட்டு இஞ்சிதான் இதற்கு. கழுவுவதற்கு நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குப் பலன் உண்டு.

இஞ்சியைத் தோலோடு நன்றாகக் கழுவி அம்மியிலோ உரலிலோ நசுக்குங்கள். மிக்சியில் விழுதாக அரைத்தால் பிறகு வடிகட்டும்போது துணி அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். பாதித் தண்ணீரில் இஞ்சியையும் கறுவாவையும் கராம்பையும் போட்டு மூடி கொதிக்க விடுங்கள். இங்கே ஒரு விஷயம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை என்று கணக்கு. நுவரெலியாவில் 94 பாகை அளவில் கொதிக்கும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஏறாது. ஆகவே சமவெளியில் பத்து நிமிடம் என்றால் இங்கே கால் மணி நேரத்துக்கு மேல் மெல்லிய நெருப்பில் விடுவது நல்லது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு (கிளை நறுக்கும்போது விழும் சுள்ளி) எரியும் அடுப்பாக இருந்தால் இன்னும் விசேஷம், ஒரே சீராக எரியும். 2022 நெருக்கடியில் கேஸ் இல்லாமல் நகரமே வரிசையில் நின்றபோது தோட்டத்து வீடுகளில் சமையல் எல்லாம் இந்த மிலாறு அடுப்பில்தான் நடந்தது.

சீனியைப் போட்டுக் கரைத்து, மிச்சப் பாதித் தண்ணீரையும் சேர்த்து ஆற விடுங்கள். அந்த மிச்சத் தண்ணீரும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் விழுவது) கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தாலும் அதை நேரே ஊற்றாதீர்கள். விரலை விட்டால் இளஞ்சூடாக, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் பதத்தில் இருக்கும்போது தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து, ஈஸ்டைத் தூவி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி அடுப்படியில் வையுங்கள். காம்பராவின் (அறையின்) மூலையில், சிமெண்டுத் தரையில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும். குசினியில் (சமையலறையில்) அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் வாளியை வைப்பார்கள், ராத்திரி நெருப்பு அணைந்த பிறகும் சாம்பல் சூடு அதற்குப் போதும்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். சீனியைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் மதுசாரத்தையும் விடும். சூடு பத்துப் பாகை ஏறினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், இறங்கினால் பாதியாகும். கொழும்பில் ஒரு ராத்திரியில் மேலே நுரை கட்டுவது கண்டியில் ஒன்றரை நாள் எடுக்கலாம், ஹட்டனில் இரண்டு நாளுக்கு மேல், நுவரெலியாவில் அதையும் தாண்டும். துணியை நீக்கிக் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய சடசடப்பு, மண்ணில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் வேலை தொடங்கிவிட்டது. அதன் பிறகுதான் வடிகட்டிப் போத்தலில் ஊற்ற வேண்டும்.

போத்தல் கண்ணாடியாக இருக்கவே கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலே போதும், அது வாயுவின் அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்டது, கையால் அழுத்திப் பார்க்கவும் முடியும். கழுத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் இடம் விட்டு ஊற்றி, ஒவ்வொரு போத்தலிலும் மூன்று நான்கு முந்திரிகை வற்றலைப் போட்டு மூடுங்கள். முதலில் அவை அடியில் கிடக்கும். வாயு பிறக்கப் பிறக்க, வற்றலின் சுருக்கங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே தூக்கிவிடும். சில பாதி வழியில் குமிழியை உதறிவிட்டுத் திரும்ப இறங்கும், மறுபடி ஏறும். எல்லாம் கழுத்தில் வந்து கூடி, போத்தலை அழுத்தினால் கல் மாதிரி உள்வாங்காமல் நின்றால் தயார். அன்றைக்கே பிரிட்ஜுக்குள் போக வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் வாளிக்குள் போட்டு வைப்பார்கள். அது ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட உதவும், நிறுத்திவிடாது, ஆகவே காலையும் மாலையும் மூடியை லேசாகத் திருகி வாயுவை விட வேண்டும்.

நத்தாருக்கு இரண்டு வாரம் முந்திச் செய்து வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஹட்டன் என்றால் டிசம்பர் 18, 19 வாக்கில் தொடங்குங்கள், கண்டியில் 21 போதும். முந்திச் செய்தால் சீனி முழுக்கத் தின்னப்பட்டு இனிப்புப் போய் புளிப்பும் மதுசாரமும் கூடிவிடும்.

இஞ்சி வைன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுக்கும், மது வாசனையே வேண்டாம் என்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதுதான். நொதிக்க விடாத இஞ்சிச் சர்பத் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீட்டர் தண்ணீரில் கால் கிலோ இஞ்சி நசுக்கிப் போட்டு, கறுவா, கராம்பு, இரண்டு ஏலக்காய், ஒரு காய்ந்த கொச்சிக்காய் (மிளகாய்) கிள்ளாமல் முழுசாக, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க விட்டு வடித்து, முக்கால் கிலோ சீனி சேர்த்துத் திரும்பக் காய்ச்சி, ஆறியதும் மூன்று தேசிக்காய் பிழிந்து போத்தலில் அடையுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். குளிர் கூடிய ராத்திரியில் சுடுதண்ணீர் விட்டுக் குடித்தால் நெஞ்சு வரைக்கும் சூடு இறங்கும். சீனி இவ்வளவு இருப்பதால் பிரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கும். இதை டிசம்பர் தொடக்கத்திலேயே செய்து வைத்துவிடலாம், கரோல் பாட வருகிறவர்களுக்கு வேண்டுமே.

கரோல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. டிசம்பர் தொடங்கினாலே சர்ச் பிள்ளைகள் ராத்திரியில் லயம் லயமாக (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏறி இறங்குவார்கள், ஒரு கிற்றாரோ மேளமோ, நத்தார் பாப்பா (கிறிஸ்மஸ் தாத்தா) வேஷத்தில் ஒருவர், முன்னால் டோர்ச். மழை பெய்திருந்தால் குறுக்குப் பாதையில் அட்டை ஏறும், கால்மேசுக்கு (சாக்ஸ்) மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு இஸ்தோப்பிலும் (வீட்டு முன் திண்ணை) நின்று பாடி முடித்ததும் கையில் கிடைக்கிற ஒரு கிளாஸ் சூடான இஞ்சி வைன் அல்லது மல்லித் தண்ணீர், அதற்காகவே பாடலாம். மல்லித் தண்ணீருக்குப் பெரிய செய்முறை இல்லை: முழு மல்லியை வறண்ட சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இஞ்சியோடு கொதிக்க வைத்து, சீனியோ கித்துள் கருப்பட்டியோ கடித்துக்கொண்டு குடிப்பது. பாடுகிறவர்களின் தொண்டைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பால் வைன். இதுதான் நான் விரிவாக எழுத ஆசைப்படுவது, ஏனென்றால் தமிழில் இதைச் சரியாகச் சொல்கிறவர்கள் குறைவு. இலங்கையில் ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் பானம் இது. மலையகத்தில் பல குடும்பங்களுக்குள் இது பங்களாக் குசினி வழியாக வந்தது. துரை பங்களாவில் அப்புவாக (சமையற்காரராக) இருந்தவர்கள் கேக், புடிங், பால் வைன் எல்லாம் அங்கே பழகி, தங்கள் வீட்டுக்கு ஏற்றமாதிரி மாற்றிச் செய்தார்கள். எங்கள் பெரியப்பாவும் அப்படி ஓர் அப்புதான், அவர் கைப்பக்குவத்தைத்தான் எழுதுகிறேன்.

பாலும் சாராயமும் சேர்ந்தது என்று கேட்டதும் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ ஒன்று என்று நினைப்பீர்கள். முடிவில் கிடைப்பது பொன்னிறமான, அப்பால் இருப்பது தெரிகிற தெளிந்த பானம். பாலின் ஒரு சொட்டு வெண்மை கூட இருக்காது, ஆனால் நாக்கில் ஒரு வழவழப்பு இருக்கும்.

முக்கால் லீட்டர் தென்னஞ்சாராயம் ஒரு போத்தல், அரை லீட்டர் நல்ல பசும்பால், அரைக் கிலோ சீனி, ஆறு தேசிக்காய், நூறு கிராம் முந்திரிகை வற்றல், கறுவா இரண்டு துண்டு, கராம்பு ஏழெட்டு, ஏலக்காய் ஐந்து, கால் சாதிக்காய் துருவியது. முந்திரிகை வற்றலை நறுக்கி, வாசனைச் சாமான்களோடு சாராயத்தில் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். மதுசாரத்தில் ஊறும் வேலைக்கு ஈஸ்ட் தேவையில்லை என்றாலும் குளிர் இதையும் கொஞ்சம் மந்தமாக்கும், மலையில் பத்து நாள் விட்டால் கறுவா நன்றாக இறங்கும். சாராயத்தை அனுமதி பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடைகள் மூடியிருக்கும், டிசம்பரில் உந்துவப் போயா வருகிறது, அதைப் பார்த்து முந்தியே வாங்கி வைப்பது நல்லது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கசிப்பை (கள்ளச்சாராயத்தை) காட்டினால் திரும்பியும் பார்க்காதீர்கள். தோட்டங்களில் அது எடுத்த உயிர்களும் குலைத்த குடும்பங்களும் போதும்.

ஊறியதை வடித்து, சீனியைக் கரைத்து, தேசிக்காய்ச் சாற்றைச் சேருங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, அகலமான பாத்திரத்தில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். இனி சாராயக் கலவையைப் பாலுக்குள் மெல்ல ஊற்ற வேண்டும். பாலைத் தூக்கிப் புளிப்பான கலவைக்குள் கொட்டினால் விழுந்த இடத்திலேயே சட்டென்று திரைந்து போகும். இப்படி ஊற்றினால் பால் மெதுவாக, பெரிய பெரிய பூப்பூவாகத் திரையும். ஒரு தடவை மெல்லக் கிண்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தொடாமல் வையுங்கள். நுவரெலியாக் குளிர் இந்த ஓர் இடத்தில் உங்கள் பக்கம்: பிரிட்ஜ் இல்லாமலே அமைதியாகப் படிந்துவிடும்.

ஏன் திரைய வைக்கிறோம்? தேசிக்காயின் புளிப்பில் பாலின் கேசீன் என்ற புரதம் கட்டியாகிறது. அப்படிக் கட்டியாகும்போது சாராயத்திலும் கறுவாவிலும் கராம்பிலும் இருக்கிற துவர்ப்பான பொருள்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்கிறது. துவர்ப்புப் போகிறது, கரடுமுரடு போகிறது, வாசம் நிற்கிறது. கடும் பிளேன்டீயில் (வெறும் தேநீரில்) பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, அங்கே நடப்பதும் இதேதான். இதனால்தான் சிலர் சாராயத்தில் ஒரு தேக்கரண்டி தேத்தூளையும் சில நிமிடம் ஊற விட்டு எடுப்பார்கள். தேயிலையின் துவர்ப்பைப் பால் எடுத்துவிடும், மணம் மட்டும் மிஞ்சும். தேயிலைக்குப் பெயர்போன மண்ணில் இதைச் செய்து பார்க்காமல் இருக்காதீர்கள்.

மறுநாள் வடிகட்டல். பழைய மெல்லிய வேட்டித் துணியை நாலு மடிப்பாகக் கோப்பையின் மேல் கட்டி, திரைந்ததையும் சேர்த்து ஊற்றுங்கள். முதலில் இறங்குவது கலங்கலாக இருக்கும். மனம் தளர வேண்டாம், அதை எடுத்துத் துணியில் தங்கிய திரளின் மேலேயே மெல்லத் திரும்ப ஊற்றுங்கள். அந்தத் திரள்தான் உண்மையான வடிகட்டி, துணி அதைத் தாங்க மட்டும். இரண்டாம் மூன்றாம் தடவை சொட்டுச் சொட்டாக, பொன் நிறத்தில் தெளிந்து இறங்கத் தொடங்கும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் எல்லாம் மறுபடி கலங்கும். ராத்திரி கட்டிவிட்டுப் படுத்துவிடுங்கள், விடிந்தால் போத்தல் நிறைந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. நீண்ட நாள் வைக்கிற பெட்டிப் பால் கடும் சூட்டில் பதப்படுத்தப்பட்டது, அது நன்றாகத் திரளாது, துணி வழியே ஒழுகும். பால்மாவும் அப்படித்தான். உறவினர் வீட்டைச் சுற்றிக் கட்டாயம் யாராவது மாடு வைத்திருப்பார்கள், அங்கே கேளுங்கள். அடுத்தது, பச்சை இஞ்சியை இதில் போட வேண்டாம். பச்சை இஞ்சியில் பாலைத் திரைய வைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது, அது வேறு மாதிரித் திரைத்துக் கசக்க வைக்கும். பால் தேத்தண்ணியில் இஞ்சி போடுவதென்றாலும் முதலில் தண்ணீரில் இஞ்சி நன்றாகக் கொதித்த பிறகே பால், காரணம் இதே.

வாசனைச் சாமான்களை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டாம். இங்கே கிடைக்கும் கறுவா காகிதம் மாதிரி மெல்லிய சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுற்றியது, விரலால் நொறுக்கலாம். நீங்கள் பிரியாணிக்குப் போடும் தடித்த ஒற்றைப் பட்டை வேறு மரத்துடையது, காரம் முந்திக்கொண்டு நிற்கும். கராம்பும் சாதிக்காயும் கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களிலேயே விளைகின்றன. கண்டி வழியாக வந்தால் மத்திய சந்தையில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

சரி, நத்தார் அன்றைக்கு என்ன நடக்கும்? இரவுப் பூசை முடிந்து வந்ததும் சூடாக ஏதாவது, காலையில் ஆராதனை, அப்புறம் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஹட்டனுக்கு வருகிறவர்கள் டிக்கோயாவில் 1878-ல் கட்டிய வார்லி தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டியது. வீட்டில் மூலையில் சைப்ரஸ் கிளை நட்டு, பஞ்சு ஒட்டி, பக்கத்தில் பாலன் குடில். தட்டில் ரவையும் கஜுவும் (முந்திரிப்பருப்பு) பூசணித் தோசியும் (சீனிப்பாகில் ஊறிய பூசணி) போட்ட நத்தார் கேக், முறுக்கு, வாழைப்பழம், சின்னக் கிளாஸில் பால் வைன், பெரிய கிளாஸில் இஞ்சி பியர். பால் வைனைக் கிளாஸ் நிறைய ஊற்றுகிற வழக்கம் இல்லை, இரண்டு மூன்று மிடறு அளவுதான். இனிப்பு மறைப்பதால் சாராயம் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது, வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

லயத்தில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றோ இரண்டோ இருக்கும், மற்றதெல்லாம் சைவ வீடுகள். முதல் தட்டுகள் அந்த வீடுகளுக்குத்தான் போகும், வெள்ளைத் துணி போட்டு மூடி, பிள்ளைகள் கையில். கூடப் போகிற போத்தல் இஞ்சி வைன். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து வந்த பலகாரத் தட்டுக்கு இது பதில், தைப்பொங்கலுக்குத் திரும்ப அங்கிருந்து வரும். நாள் சம்பளத்தில் ஓடுகிற வீடுகளில் சீனியும் பாலும் கஜுவும் சின்னச் செலவு அல்ல. நவம்பரிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு இஞ்சி நசுக்குகிற பெண்கள் செய்வது இது. உங்களுக்கு நீட்டுகிற கிளாஸை "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், ஒரு மிடறாவது குடியுங்கள். அதைவிட நல்லது, ஒரு வாரம் முந்தியே போய் இஞ்சி கழுவ உட்காருங்கள். உங்கள் மனைவிக்கு அந்தக் குசினியில் கிடைக்கிற கதைகள் வேறெங்கும் கிடைக்காது.

போக்குவரத்து: உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்குவதால் ஹட்டன் பஸ்களும் ரயில்களும் நிறைந்து வழியும். ரயிலில் இடத்தை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். வெளிமடை, ஹப்புத்தளைப் பக்கம் போவதாக இருந்தால் அடிசம் பங்களாவுக்குப் போகலாம். 1931-ல் வில்லியர்ஸ் என்ற தோட்டத்துரை கட்டியது, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாமும் பழச்சாறுகளும் அங்கேயே விற்பார்கள், நத்தார் தட்டுக்கு நல்ல துணை.

கடைசியாக, ஊருக்குக் கொண்டு போவது. இஞ்சி பியரை மலையிலிருந்து கீழே இறக்கவே இறக்காதீர்கள். ஹட்டன் குளிரில் அமைதியாக இருந்த போத்தல், கொழும்புச் சூட்டில் முப்பது பாகையைக் கண்டதும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், கரைந்திருந்த வாயுவும் சூட்டில் வெளியே வரும், இரண்டும் சேர்ந்து மூடியைப் பிய்த்துவிடும். கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் நத்தார் முடிந்து திரும்பும்போது அம்மா கொடுத்துவிட்ட போத்தல் பஸ்ஸிலேயே வெடித்து உடுப்பெல்லாம் நனைந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. விமானப் பெட்டியில் வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். இஞ்சி வைனில் நொதிப்பு இல்லை, மூடியில் பிளாஸ்டிக் சுற்றி, துணிகளுக்கு நடுவில் பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம். பால் வைன் இந்தப் பயணத்தைத் தாங்கும், ஆனால் பெயர்ச்சீட்டு இல்லாத வீட்டு மதுவைச் சுங்கத்தில் கேள்வி கேட்பார்கள், ஆகவே அதை அங்கேயே குடித்து முடித்துவிட்டு, கறுவாவும் கராம்பும் மட்டும் வாங்கிப் போய் திருச்சியில் செய்யுங்கள். அங்கே பாலை எந்தச் சூட்டில் திரைத்தாலும் ராத்திரி பிரிட்ஜில் வைத்துப் படிய விடுங்கள், உங்கள் ஊர்ச் சூட்டில் வெளியே வைக்க முடியாது. துணியில் தங்கும் திரளைக் கொட்ட வேண்டாம், கேக் மாவில் ஒரு கரண்டி சேர்த்துப் பிசைந்தால் அந்தக் கேக் நான்கு நாளானாலும் காயாது.